வாடகை வீடும் வழிப்போக்கர் விடுதியும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலுள்ள ஒரு தேநீர்க் கடையில் நாமும் நண்பர்கள் சிலரும் உட்கார்ந்திருந்தோம். மளிகைச் சாமான் வியாபாரியான அன்பர் ஒருவர், "நானா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். இது கணக்கு விஷயமா, மார்க்க விஷயமா என்று எனக்கே விளங்கவில்லை" என்று தொடங்கினார்.

அவருக்கு இந்நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. முப்பது ஆண்டு கடை நடத்தி மிச்சம் பிடித்து வாங்கியது. எட்டு வருஷமாக அதில் ஒரு குடும்பம் குடியிருந்து வருகிறது. மாத வாடகை 1,800 வெள்ளி. ஒரு மாதமும் தவறியதில்லை. அடுத்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இந்தச் சமயம் பார்த்து ஒரு தரகர் வந்து, "குடும்பத்துக்கு விட்டு என்ன கண்டீர்கள் பாய்? கட்டில், நாற்காலி போட்டு நாள் கூலிக்கு விடுங்கள். ஓர் இரவுக்கு 180 வெள்ளி கிடைக்கும். எல்லாம் கைப்பேசியிலேயே நடந்துவிடும், நீங்கள் கடையை விட்டு எழுந்திருக்கவும் வேண்டாம்" என்று ஆசை காட்டியிருக்கிறார்.

கணக்கு என்றால் நம்மவர் சும்மா இருப்பார்களா? தேநீர்க் கடைச் சீட்டின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தோம். மாதத்தில் 22 இரவு ஆள் வந்தால் 3,960 வெள்ளி. பதினொரு தடவை ஆள் மாறினால், கூட்டிக் கழுவி விரிப்பு மாற்றத் தடவைக்கு 60 வெள்ளி வீதம் 660. கம்பெனிக்குக் கழிவு, தண்ணீர், மின்சாரம், உடைசல் வகையில் 700. மிஞ்சுவது 2,600. பழைய வாடகையைக் கழித்துப் பார்த்தால் கூடுதல் 800 வெள்ளிதான். தரகர் சொன்ன இரட்டிப்பு இலாபம் இதில் இல்லை. ஆனாலும் 2025ஆம் ஆண்டில் இந்நாட்டில் சட்டம் விதித்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி என்கிறபோது, இருந்த இடத்திலிருந்தே மாதம் 800 வருவதை யாரும் துச்சமாக எண்ண முடியாது.

"செய்யலாமா?" என்று கேட்டார் அன்பர். நாமும் யோசிக்காமல், "உங்கள் வீடு, உங்கள் இஷ்டம். நல்ல விலை வருகிற இடத்தில் சரக்கைக் கொடுப்பது வியாபாரிக்குப் பாவமா?" என்று சொல்லிவிட்டோம். எல்லோரும் தலையசைத்தார்கள். இரவு வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அந்தப் பதில் நம்மை உறுத்தியது. அவசரத்தில் சொன்ன அதைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

இந்தத் தொழிலின் பூர்வீகம் வேடிக்கையானது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில், வீட்டு வாடகை கட்ட முடியாமல் திண்டாடிய இரண்டு இளைஞர்கள், ஊரில் மாநாடு நடந்து ஹோட்டல்கள் நிரம்பியிருந்த நேரத்தில், தங்கள் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைக் காசுக்குத் தங்கவைத்தார்கள். மறு ஆண்டே அது கம்பெனியாகி, ஏர்பிஎன்பி என்ற பெயரில் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அந்த முதல் மூன்று விருந்தாளிகளோடு வீட்டுக்காரரும் அதே வீட்டில்தான் இருந்தார், யாரும் வெளியேற்றப்படவில்லை. பிற்பாடு வந்த பழக்கம் வேறு. வீட்டுக்காரர் வேறெங்கோ இருக்க, முழு வீட்டையும் குடித்தனத்திலிருந்து எடுத்து, இரவுக்கு இரவு ஆள் மாற்றுவது. வாடகை கட்ட முடியாதவர் தொடங்கிய தொழில், வாடகைக்கு வீடு கிடைக்காமல் செய்கிறது என்று பல நகரங்களில் பேச்சு வந்துவிட்டது.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது தவறு என்று சொல்ல நமக்கு வாயில்லை. நம் பாட்டன்மார் கப்பலை விட்டு இறங்கியபோது யார் வீட்டில் படுத்தார்கள்? கடை மாடியில் வெங்காய மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவே பாய் விரித்தார்கள்; ஊர்க்காரர் கிட்டங்கியில் ஒரு பெட்டி வைக்க இடம் பிடித்தார்கள். ஹஜ் பயணம் கப்பலில் நடந்த காலத்தில், பினாங்கு ஆச்சே தெரு வட்டாரத்தில் பயணிகள் கப்பலுக்காகக் காத்துத் தங்குவார்கள். அதனால் அங்கே பிழைத்த கடைகள் எத்தனையோ. விடுதித் தொழில் நமக்கு அந்நியமானதன்று. ஆனால் அந்த இடம் விடுதி என்று தெருவுக்கே தெரியும். மூட்டை மேல் படுத்தவனை எழுப்புவதற்கு முதலாளி கீழே கடையில் இருந்தார். அவன் தகராறு செய்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தது என்பதே நாம் சொல்ல வருவது.

சரி, பிழை எங்கே இருக்கிறது? முதலில் நமக்குத் தோன்றியது பதுக்கல். ஜனங்களுக்கு அவசியமான சரக்கை விலையேற்றத்துக்காகப் பூட்டி வைப்பது கூடாது என்பது வியாபாரிகளாகிய நமக்குப் பாலபாடம். இது உணவுப் பண்டத்துக்கு மாத்திரமா, மற்றவற்றுக்கும் உண்டா என்பதில் சட்ட மேதைகளிடையே அபிப்பிராய பேதம் இருந்தது. நம்மில் பலர் பின்பற்றும் ஷாபிஈ வழியில் அது உணவோடு நிற்கிறது. இமாம் அபூஹனீபாவின் மாணவரான அபூயூசுபோ, எதை நிறுத்தி வைத்தால் பொதுமக்களுக்குத் துன்பமோ அதெல்லாம் பதுக்கலே என்று விரித்துச் சொன்னார். அவர் வழியில் பார்த்தால் வீடும் அதற்குள் வந்துவிடும் போலிருக்கிறது.

ஆனால் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். நண்பர் வீட்டைப் பூட்டி வைக்கப் போவதில்லை; வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கொடுக்கப் போகிறார். அதைப் பதுக்கல் என்றால், சரக்கை உள்ளூரில் விற்காமல் ஏற்றுமதி செய்கிற ஒவ்வொருவரையும் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே அந்த வார்த்தையை இங்கே சுமத்த நாம் துணியவில்லை.

இரண்டாவதாக நாம் எண்ணியது: அவர் விற்பது முழுவதும் அவருடைய பொருள்தானா? இதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு மூட்டை சீரகத்தை விற்றால் மூட்டையோடு கணக்குத் தீர்ந்தது. அடுக்குமாடி வீட்டை ஓர் இரவுக்கு விற்கும்போது என்னென்ன சேர்ந்து போகின்றன? லிப்ட் போகிறது, அதற்குப் பராமரிப்புப் பணம் கட்டுபவர்கள் எல்லா வீட்டாரும். வாசல் காவலாளியின் கவனம் போகிறது. நீச்சல் குளம், வண்டி நிறுத்துமிடம் போகின்றன. பக்கத்து வீட்டுக்காரரின் இரவுத் தூக்கம் போகிறது. இவற்றையெல்லாம்விட, எதிர் வாசலில் நிற்பவர் யார் என்று தெரிந்த ஒரு நிம்மதி இருக்கிறதே, பெண் பிள்ளைகளைத் தனியே மாடிக்கு அனுப்புகிற அந்த நிம்மதி, அதுவும் சேர்ந்து போகிறது. 180 வெள்ளியில் அவர்களுக்கு ஒரு காசு உண்டா? கூட்டு வியாபாரத்தில் பங்காளியைக் கேட்காமல் பொதுச் சரக்கை ஒருவர் விற்று முழுப் பணத்தையும் பையில் போட்டுக்கொண்டால் நாம் அதற்கு என்ன பெயர் சொல்வோம்? அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு தூரம் வற்புறுத்துகிறது என்பதை இந்த வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நாம் சொல்வது வெறும் உபதேசமன்று. நீதிமன்றமும் ஏறத்தாழ இந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. கோலாலம்பூர் மோன் கியாராவிலுள்ள வெர்வ் சூட்ஸ் என்ற அடுக்குமாடியில், வீட்டுச் சொந்தக்காரர்களின் நிர்வாகக் கழகம் குறுகிய கால வாடகை கூடாதென்று விதி செய்து, மீறினால் நாளொன்றுக்கு 200 வெள்ளி அபராதம் என்றது. சில சொந்தக்காரர்கள், "எங்கள் வீட்டை வாடகைக்கு விடும் உரிமையைத் தடுக்க நீங்கள் யார்?" என்று வழக்காடினார்கள். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த தீர்ப்பு கழகத்தின் பக்கம். அதன் சாரம் நம் வியாபாரிகள் கவனிக்கத்தக்கது. வாடகைக் குடித்தனத்தைத் தடை செய்ய நிர்வாகக் கழகத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் ஓரிரு இரவு தங்கிப் போகிறவர் வாடகைக் குடியல்லர். தங்குவதற்கு அனுமதி பெற்றவர் மாத்திரமே. ஆகவே அந்த விதி செல்லும் என்றார்கள். 'வாடகை' என்ற ஒரே வார்த்தையை இரண்டுக்கும் போட்டு நாம் குழம்பிக்கொண்டிருந்தோம். குடிக்கூலி வேறு, படுக்கைக் கூலி வேறு.

சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அங்கே தனியார் வீட்டில் மூன்று மாதத்துக்குக் குறைந்து ஆளை வைக்கக் கூடாது. 2017 ஜூன் வரை ஆறு மாதமாக இருந்தது மூன்றாகக் குறைந்தது. வீவக வீடுகளில் ஆறு மாதம். இதைத் தளர்த்தலாமா என்று சர்க்கார் ஆராய்ந்து பார்த்து, 2019இல் வேண்டாமென்று விட்டுவிட்டது. 2018இல் இரண்டு பேருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். ஏழு தலைமுறைக்கு மறக்காத பாடம்! ஜனங்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் சர்க்கார் கட்டிய வீட்டில் இருக்கிற சிறிய தீவு அது. அங்கே நிலத்தின் அருமை வேறு. அங்கே வீடு வாங்குகிறவர் இந்த விதியைத் தெரிந்தே வாங்குகிறார். தெரிந்து வாங்கியபின் மறைவாக ஆள் வைப்பது கொடுத்த வாக்கை மீறுவது. அதில் தர்க்கத்துக்கே இடமில்லை.

பினாங்கு வேறு கதை. ஜார்ஜ் டவுனின் பழைய கடை வீடுகளில் கீழே வியாபாரம், மேலே குடித்தனம். ஒரே கட்டடத்தில் நாலைந்து குடும்பங்கள்கூட இருந்தன. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரிக்குள் கட்டி முடிந்த கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. வீட்டுக்காரர்களுக்கும் இதில் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வருகிற வாடகையில் ஓடு மாற்றக்கூட முடியாது. கூரை ஒழுகும், சுவர் பிளக்கும். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பிடி முழுவதும் விட்டது. வாடகை ஏறியது, மாடியில் இருந்தவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ அந்நகரை மலாக்காவோடு உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வெளியூர்ப் பயணிகள் வந்தார்கள். காலியான மாடிகள் அழகிய தங்குமிடங்களாயின. ஆகவே கைப்பேசி வியாபாரம்தான் அந்தத் தெருக்களைக் காலி செய்தது என்று பழி போடுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. அது வருவதற்கு முன்பே குடிகள் போகத் தொடங்கிவிட்டார்கள். போன இடத்தில் திரும்ப ஒரு குடும்பம் வராதபடி அது பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அங்கே நம் வியாபாரிகளின் அனுபவத்தைக் கேட்டுப் பாருங்கள். பயணிகளால் பணம் மாற்றுபவருக்கும் நாசி கண்டார் கடைக்கும் நல்ல காலம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பயணி கால் கிலோ பருப்பு வாங்குவதில்லை. தேங்காய், கறித்தூள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை, பெருநாளைக்குக் கைலி, இவையெல்லாம் அவனுக்கு எதற்கு? காலையில் அஞ்சடியில் நின்று பேப்பர் படித்துவிட்டு, கடனுக்கு ரொட்டி வாங்கிப் போகிற ஆள் மாடியில் இல்லாமற்போனால், கீழே மளிகைக் கடை எத்தனை நாள்? மேலே குடிக்கூலி போய்ப் படுக்கைக் கூலி வந்தால், கீழே பலசரக்குப் போய்க் காப்பிக் கடையும் நினைவுப் பொருள் கடையும் வருகின்றன. பள்ளிவாசலில் ஐந்து வேளையும் நிற்கிற வரிசையும் மாடியில் குடியிருப்பவர்களைக் கொண்டதுதான்.

மேல் நாடுகளில் இது தெருச் சண்டையாகவே ஆகிவிட்டது. ஸ்பெயின் தேசத்தின் பார்சலோனாவில், 2024ஆம் ஆண்டு அந்நகர மேயர், உரிமம் பெற்ற 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், முப்பது நாளுக்குக் குறைந்து ஆள் வைப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். தாமும் அந்த வீட்டில் உடனிருக்க வேண்டும். இதனாலெல்லாம் வாடகை சடாரென்று விழுந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே 2023இல் நியூயார்க்கில் வாடகைக்குக் காலியாயிருந்த வீடுகள் நூற்றுக்கு 1.4தான், அங்கே பஞ்சத்தின் வேர் ஆழமானது. அமெரிக்கா முழுவதையும் ஆராய்ந்து 2021இல் வெளியான ஒரு கட்டுரை, இப்படிப் பட்டியலிட்ட வீடுகள் நூற்றுக்கு ஒன்று கூடினால் வாடகை நூற்றுக்கு 0.018 கூடுகிறது என்று கணக்குச் சொன்னது. கேட்பதற்குத் தூசு போலிருக்கிறது. ஆனால் பட்டியலோ ஒன்றிரண்டாகக் கூடவில்லை. சில ஆண்டுகளில் பல மடங்காயிற்று. சொந்தக்காரரே குடியிருக்கும் வீடுகள் மிகுந்த பகுதிகளில் இந்த ஏற்றம் குறைவு என்றும் அந்தக் கட்டுரை காட்டியது. தாம் இருக்கிற வீட்டில் ஓர் அறை கொடுப்பதும், குடும்பம் இருக்கிற வீட்டைக் காலி செய்து கொடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு சாட்சி.

நம் நண்பர்களில் ஒருவர் இதற்கொரு மறுப்புச் சொன்னார். "கோலாலம்பூரில் விற்காமல் கிடக்கும் அடுக்குமாடி வீடுகள் எத்தனை! காலியாய்க் கிடப்பதில் பயணி படுத்துவிட்டுப் போனால் யாருக்கு நஷ்டம்?" நல்ல கேள்விதான். காலியான வீட்டில், அண்டை வீட்டார் கூடிச் சம்மதித்து, ஊராட்சி விதிப்படி செய்வதானால் நமக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் காட்டுகிற காலி வீடுகளில் பல, நம் கடைப் பையன் எட்டிப் பார்க்க முடியாத விலைக்குக் கட்டப்பட்டவை. அவனுக்கு எட்டுவது பழைய கட்டடத்தில், பஸ் போகிற பாதையில், ஒரு சிறு வீட்டின் ஓர் அறை. நாள் கூலித் தரகர் தேடி வருவதும் கடைத்தெருவுக்குக் கிட்டத்தில் உள்ள அதே வீடுகளைத்தான். சுடுகாட்டுக்கு அப்பால் கட்டிய மாளிகையைப் பயணியும் விரும்புவதில்லை!

இதிலே நம் சொந்த விவகாரமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்கு ஆள் நிற்பதில்லை என்று சங்கக் கூட்டங்களில் நாம் புலம்பாத நாளில்லை. ஆள் ஏன் நிற்கவில்லை? சம்பளம் ஒரு காரணம். படுக்க இடம் இன்னொரு காரணம். நகரத்துக்குள் அறை கிடைக்காமல் ஒன்றரை மணி நேரம் பஸ் மாறி வருகிறவன், இரவு பத்து மணிக்குக் கடை மூடிய பிறகு எப்போது போய்ச் சேருவான்? ஒரு கையால் வீட்டை நாள் கூலிக்குக் கொடுத்துவிட்டு, மறு கையால் ஆள் தேவை என்று கண்ணாடியில் காகிதம் ஒட்டுகிறோம். இரண்டுக்கும் சம்பந்தமுண்டு என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இதை எழுதுகிற நாமும் எண்ணியதில்லை.

மறு வெள்ளிக்கிழமை அதே தேநீர்க் கடையில் அன்பரைச் சந்தித்தோம். போன வாரம் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டு, இவ்வளவையும் சொன்னோம். அவர் சட்டம், சான்பிரான்சிஸ்கோ எதையும் அதிகமாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றை மாத்திரம் பிடித்துக்கொண்டார். "எட்டு வருஷம் நாள் தவறாமல் பணம் கொடுத்த வாடிக்கைக்காரரை, கூட இரண்டு காசு கொடுக்கிற வழிப்போக்கனுக்காக நீங்கள் கடையிலிருந்து இறக்கிவிடுவீர்களா?" என்று நாம் கேட்டதுதான் அது. "கடையில் செய்யமாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் குடும்பத்தில் மூத்த பெண் இந்த வருஷம் பெரிய பரீட்சை எழுதுகிறது. தகப்பன் போன் பண்ணும்போதெல்லாம் ஒப்பந்தம் பற்றிக் கேட்கத் தயங்குகிறார், நானும் சொல்லாமல் இழுத்துக்கொண்டு வருகிறேன்" என்றார். முதல் வாரம் இதை அவர் சொல்லவே இல்லை. கணக்குச் சீட்டில் எழுதுகிற இடம் அதற்கு இருக்கவில்லை போலும்.

பத்து நாள் சென்று, ஒப்பந்தத்தை இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டதாகத் தகவல் சொன்னார். வாடகை 150 வெள்ளி கூட்டியிருக்கிறார். எட்டு வருஷமாக ஏற்றவில்லை, பராமரிப்புப் பணமும் ஏறிவிட்டது என்பது அவர் கட்சி. அதில் பாதி போதாதா என்று நாம் கேட்டோம். தரகர் காட்டிய 800ஐ விட்டவனிடம் 75க்குப் பேரம் பேசுகிறீர்களே நானா என்று சிரித்துவிட்டு, கடைக்குச் சரக்கு வந்திருக்கிறதென்று எழுந்து போய்விட்டார்.